ரிப்பேர் முடிந்தும் திரும்பி வந்த கார் சத்தம்: எந்தச் சத்தத்துக்கு எங்கே பார்ப்பது

சனிக்கிழமை சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் இருந்து வண்டியை எடுக்கிறீர்கள். மதுரை காளவாசலில் இருந்து வீடு வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. திங்கட்கிழமை காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது வாசலில் இருக்கிற வேகத்தடையில் ஏறி இறங்கினால் அதே 'டொக்'. காசு கொடுத்த கை காய்வதற்குள் இப்படி ஆனால் வருகிற எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டு மாதம் அதோடுதான் நான் மதுரைக்குள் வண்டி ஓட்டினேன். மெக்கானிக்குக்குப் போன் போடுவதற்கு முன்னால் நீங்களே அரை மணி நேரம் செலவழித்துச் சில விஷயங்களைப் பார்த்துவிடலாம், அப்படிப் பார்த்துவிட்டுப் போனால் இரண்டாவது முறையும் தப்பான பாகத்தை மாற்றிக்கொண்டு வர மாட்டீர்கள்.

முதல் கேள்வி, இது பழைய சத்தமேதானா, இல்லை அதே பக்கத்தில் இருந்து வருகிற வேறு சத்தமா? பழையது கனமாக ஒற்றை 'டொக்'காக இருந்து, இப்போது சின்னச் சின்னதாக 'லொட லொட' என்று வந்தால் அது வேறு சத்தம், கழற்றி மாட்டியதில் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. பழைய சத்தம் அச்சு அசலாக அப்படியே இருந்தால், மாற்றிய பாகத்தில் கோளாறே இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது அந்தப் பாகத்தைக் கெடுத்த மூலகாரணம் இன்னும் வண்டியிலேயே இருக்கலாம். எந்த வேகத்தில் வருகிறது, பிரேக்கை மிதித்தால் நிற்கிறதா, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினால் கூடுகிறது, காலையில் குளிர்ந்த எஞ்சினிலா அல்லது ஓடிச் சூடான பிறகா, ஏசி போட்டிருந்ததா, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் வீடியோவும் எடுங்கள், ஆனால் ஓட்டிக்கொண்டே எடுக்காமல் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்து எடுங்கள்.

அப்புறம் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். இதை மட்டும் எப்போதும் விடாதீர்கள். லிங்க் ராட் (முன்பக்க சஸ்பென்ஷனில் இரண்டு முனையிலும் மூட்டு உள்ள சின்ன இணைப்புக் கம்பி) மாற்றினார்கள் என்றால் அதன் இரண்டு முனையிலும் இருக்கிற பந்து மூட்டைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால் மாற்றியது சரிதான், விறைப்பாக இருந்து பலம் கொடுத்தால்தான் நகர்கிறது என்றால் நல்ல பாகத்தைக் கழற்றியிருக்கிறார்கள், சத்தம் வேறு எங்கோ இருக்கிறது. ரப்பர் புஷ் (பாகங்கள் இணைகிற இடத்தில் அதிர்வை வாங்கிக்கொள்கிற ரப்பர் உருளை) என்றால் விரிசல் இருக்கிறதா, நடுவில் இருக்கிற இரும்புக் குழாய் ரப்பரை விட்டு விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

உடனே ஓரங்கட்ட வேண்டிய சத்தங்கள்

சக்கரத்தைக் கழற்றிச் செய்த எந்த வேலைக்குப் பிறகும், பஞ்சர் உட்பட, ஒரு பக்கத்தில் 'தொக் தொக் தொக்' என்று வேகத்துக்குத் தகுந்தபடி கூடிக் குறைந்து ஸ்டியரிங்கும் ஆட ஆரம்பித்தால், வேறு யோசனையே வேண்டாம், ஓரமாக நிறுத்தி வீல் நட்டைப் பாருங்கள். கைக்கே சுற்றும் அளவுக்கு லூசாக இருந்ததை நானே ஒரு உறவினர் வண்டியில் பார்த்திருக்கிறேன். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50-லிருந்து 100 கிலோமீட்டருக்குள் வீல் ஸ்பேனரால் ஒரு தடவை நட்டை இறுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் ஸ்பேனர் மேல் ஏறி மிதித்து இறுக்காதீர்கள், போல்ட்டின் மரை கெட்டுவிடும். வண்டி கையேட்டில் எவ்வளவு டார்க், அதாவது எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும் என்று போட்டிருக்கும், அதைச் சொல்லி அந்த அளவை வைத்து இறுக்குகிற டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள்.

பிரேக்கை மிதிக்கும்போது இரும்போடு இரும்பு உரசுகிற 'நற நற', அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் விளக்கு எரிந்து எஞ்சினில் 'கட கட'. இந்த இரண்டுக்கும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

சின்னப் பள்ளத்தில் 'லொட லொட', வேகத்தடையில் 'டொக்'

மதுரையில் அதிகமாகத் திரும்பி வருவது இந்தச் சத்தம்தான். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்களில் தினமும் ஓடுகிற வண்டிக்கு முன்பக்க சஸ்பென்ஷன் படாத பாடு படுகிறது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னியை இறுக்கிப் பிடிக்கிற திருகு, ஜாக்கி, வீல் ஸ்பேனர், தண்ணீர் கேன், பின்சீட்டுப் பூட்டு, யாரும் உட்காராத சீட்டின் பெல்ட் பக்கிள் என்று எல்லாவற்றையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கியை எடுத்துவிட்டுத் திரும்பச் சரியாக மாட்டாமல் போடுவது சாதாரணமாக நடக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதே பள்ளத்தில் அதே வேகத்தில் ஏறி இறங்குங்கள்.

அப்படியும் வந்தால், என்னென்ன பாகத்தில் கை வைத்தார்கள் என்று பில்லைப் பாருங்கள். லிங்க் ராட் மாற்றியிருந்தால் அதன் நட்டில்தான் முதல் சந்தேகம். அந்த நட்டை இறுக்கும்போது பந்து மூட்டின் தண்டும் சேர்ந்தே சுற்றும். எல்லன் கீயையோ ஸ்பேனரையோ வைத்துத் தண்டைப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். வெறும் ஏர் கன்னை வைத்து அழுத்தினால் தண்டு சுற்றுவதைப் பார்த்துவிட்டு இறுகிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள், நைலான் வளையம் உள்ள நட்டு என்பதால் கைக்கும் இறுக்கமாகவே தெரியும், ஆனால் நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். முதல் இரண்டு நாள் சத்தம் வராமல் இருந்து மூன்றாம் நாள் வருவதற்கு இதுவே போதும்.

அடுத்தது நான் இரண்டு மாதம் மாட்டிக்கொண்ட விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் வண்டியில் இடது முன்பக்கம் 'டொக்' வந்தது. முதலில் லிங்க் ராட் மாற்றினார்கள், மூன்று வாரத்தில் திரும்பியது. வேறொரு இடத்தில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கிற இரும்புக் கை) புஷ் போனது என்று கண்டுபிடித்து மாற்றினார்கள், அது உண்மைதான், பழைய புஷ்ஷை நானே பார்த்தேன், பாதி கிழிந்திருந்தது. ஒரு மாதம் அமைதி. அப்புறம் திரும்பவும் அதே 'டொக்', கூடவே வேகத்தடையில் மெதுவாக இறங்கினால் கட்டிலில் புரண்டு படுக்கும்போது வருகிற மாதிரி ஒரு முனகல். கடைசியில் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன்.

"அண்ணே, புது புஷ் போட்டு ஒரு மாசம்தான்ணே ஆச்சு."

"புஷ்ஷு புதுசுதான் தம்பி. இறுக்குனப்ப சக்கரம் தரையில இருந்துச்சா, தொங்குச்சா?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் டார்ச்சை அடித்துக் காட்டினார். இந்தப் புஷ்ஷின் நடுவில் இருக்கிற இரும்புக் குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வெளிப்பக்கம் ஆர்மோடு ஒட்டியிருக்கும், ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது நடுவில் இருக்கிற ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பும். வண்டியை ஜாக்கியில் தூக்கியிருக்கும்போது சக்கரம் கீழே தொங்குகிறது, அந்த நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால் வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் முறுக்கிய நிலைதான். அதற்கு மேல் பள்ளத்தில் ஆடும் ஆட்டமும் சேர்ந்தால் எவ்வளவு நல்ல ரப்பரும் சீக்கிரம் கிழியும். வண்டியின் எடையைச் சக்கரத்தில் நிறுத்தி, அந்த நிலையில் போல்ட்டைத் தளர்த்தினார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், ரப்பர் தன் இடத்துக்குத் திரும்பிய சத்தம். திரும்ப இறுக்கினார். புஷ் அதற்குள் லேசாகக் கிழிந்திருந்ததால் அடுத்த மாதமே அதையும் மாற்ற வேண்டியிருந்தது, ஆனால் அதற்குப் பிறகு இன்று வரை அந்தப் பக்கத்தில் சத்தம் இல்லை.

அதனால் லோயர் ஆர்ம், புஷ் வேலை எது கொடுத்தாலும், கடைசி இறுக்கு வண்டி தன் காலில் நிற்கும்போதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராம்ப் இல்லாத இடத்தில் லோயர் ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கி வைத்து, வண்டி நிற்கிற உயரத்துக்கு அதைத் தூக்கியும் இறுக்கலாம். ஒன்று மட்டும், வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது, ஸ்டாண்ட் வைத்துத்தான்.

ஷாக் அப்சார்பர் மாற்றிய பிறகு வருகிற 'டொக்'குக்கு அதன் மேல்முனையை வண்டியோடு பிடிக்கிற மவுண்ட்டைப் பாருங்கள். புது ஷாக்கைப் போட்டுவிட்டுப் பழைய மவுண்ட் ரப்பரையே மாட்டியிருந்தால், முன்பு பழைய ஷாக் உள்வாங்கிக்கொண்ட ஆட்டமெல்லாம் இப்போது அந்தத் தேய்ந்த ரப்பரில் தெரியும். இன்னொருவரை பானெட் ஓரத்தை அழுத்தி அழுத்தி விடச் சொல்லிவிட்டு, மவுண்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், காதுக்குத் தெரியாத தட்டல் கைக்குத் தெரிந்துவிடும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பினால் 'டங்'

ஷாக் அல்லது ஸ்பிரிங்கைக் கழற்றிய பிறகு இது புதிதாக வந்திருந்தால் அநேகமாக ஸ்பிரிங்கின் வால் அதன் தட்டில் இருக்கிற படியில் சரியாக உட்காரவில்லை, அல்லது மேலே இருக்கிற ஸ்ட்ரட் பேரிங் சுற்றாமல் பிடிக்கிறது. பேரிங் சுற்றாதபோது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் விடுபட்டுக் குதிக்கும், அந்தக் குதிதான் 'டங்'. ஸ்பிரிங் சுருளுக்குள் விரலை விட்டுப் பார்க்காதீர்கள், நசுங்கிவிடும், மேல் மவுண்ட்டில் கை வைத்தாலே தெரியும்.

திருப்பிக்கொண்டே நகரும்போது 'டக் டக் டக்'

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் வருகிறதா? அது ஆக்சிலின் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட், சக்கரம் திரும்பியிருந்தாலும் அதைச் சுற்ற வைக்கிற மூட்டு. அதை மூடியிருக்கிற கிழிந்த ரப்பர் உறையை மட்டும் மாற்றி, புது கிரீஸ் வைத்து விட்டிருந்தால் சில வாரம் சத்தம் அடங்கித் திரும்ப வரும், ஏனென்றால் கிழிசல் வழியாகப் போன மண் ஏற்கெனவே உள்ளே தேய்த்துவிட்டது. கிரீஸ் அதை மூடி மறைக்கும், குணமாக்காது. ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.

பிரேக் பேட் மாற்றிய பிறகு 'கீச்'

எல்லா 'கீச்'சையும் கோளாறு என்று சொல்ல முடியாது. புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பழக முதல் 200, 300 கிலோமீட்டர் ஆகும், அந்தச் சமயத்தில் திடீர் பிரேக் அடிக்காமல் மிதமாக மிதித்து ஓட்டினால் நன்றாகப் படியும். ஐப்பசி கார்த்திகை மழையில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டி காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குக் கரகரவென்று உரசுவதும் டிஸ்க்கின் மேல்துரு, தானாகப் போய்விடும்.

போகாத 'கீச்' என்றால் பேடைக் குறை சொல்வதற்கு முன்னால் மூன்று விஷயத்தைக் கேளுங்கள். பேடுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய ஷிம் தகட்டைப் போட்டார்களா, பேடை ஆடாமல் பிடிக்கிற கிளிப் பழையதா புதிதா, கேலிப்பர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பாகம்) சறுக்குகிற பின்களைக் கழற்றித் துடைத்து அதற்கான கிரீஸ் வைத்தார்களா. பின் ஒட்டிக்கொண்டால் கேலிப்பர் பின்வாங்காது, ஒரு பேடு மட்டும் உரசிக்கொண்டே சீக்கிரம் தேயும், பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கினால் அந்த ஒரு சக்கரத்தில் மட்டும் சூடு அடிக்கும். சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் கையைக் காட்டிப் பார்த்தாலே போதும். சாதாரண கிரீஸை அங்கே தடவியிருந்தால் ரப்பர் உறை ஊதிப்போய்ப் பின் மறுபடி ஒட்டும்.

பிரேக் மிதிக்காதபோது உரசி, மிதித்தால் நிற்கிறது என்றால் பேடு லூசாக இருக்கிறது. மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே மாதிரி உரசினால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கிற தகரத் தடுப்பு வேலையின்போது வளைந்து டிஸ்க்கைத் தொடுகிறது, அல்லது நடுவில் ஒரு கல் மாட்டியிருக்கிறது. கல் என்றால் சில நேரம் வண்டியைப் பின்னால் எடுத்தாலே விழுந்துவிடும்.

வேகம் கூடக்கூட 'ஊஊம்'

இதைக் கண்டுபிடிக்க நத்தம் ரோட்டு மேம்பாலம் மாதிரி வசதியான இடம் கிடையாது. 7.3 கிலோமீட்டர் நீளம், குறுக்கே யாரும் வர மாட்டார்கள், பாலத்தின் இணைப்புகளில் மட்டும் ஒரு 'டப்', மற்றபடி வழுவழுவென்று இருக்கும். கூட்டம் இல்லாத காலையில் அனுமதித்த வேகத்துக்குள் சீராகப் போய்க்கொண்டே கேளுங்கள். கியரை நியூட்ரலில் போட்டதும் சத்தம் மாறாமல் அப்படியே இருந்தால் எஞ்சின் இல்லை, சக்கரப் பக்கம்தான். இடது பக்கம் வளையும்போது எடை வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் வலது சக்கரம் சுற்றுகிற பேரிங், வலது பக்கம் வளையும்போது கூடினால் இடது பேரிங். காதுக்கு எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை நம்பாதீர்கள், வண்டிக்குள் அது ஏமாற்றும். பேரிங் மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கிறது என்று வருகிறவர்களில் பக்கம் மாற்றிப் போட்ட கதை நிறைய.

பேரிங்கே இல்லாமல் டயராகவும் இருக்கலாம். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள், ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் தேய்மானம் ஒழுங்காக இல்லை. முன் டயரைப் பின்னால் மாற்றினால் சத்தமும் பின்னால் போகிறதா என்று பாருங்கள், போனால் பேரிங்கைத் தொட வேண்டாம், அலைன்மென்ட்டையும் ஷாக்கையும் பாருங்கள்.

புதுப் பேரிங் சில வாரத்திலேயே ஊளையிட ஆரம்பித்தால் அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கலாம். பிரஸ்ஸில் வைத்து வெளி வளையத்தைத் தள்ளி ஏற்றாமல் உள் வளையத்தில் அடித்தால் உள்ளே இருக்கிற குண்டுகள் பாதையில் பள்ளம் போட்டுவிடும். பேரிங் மாற்றிய கையோடு ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால், சில பேரிங்கில் ஒரு பக்கத்தில் மட்டும் காந்த வளையம் இருக்கும், அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கிரீச்'

புது ஃபேன் பெல்ட் போட்டும் கத்துகிறது என்றால் பெல்ட்டை விட்டுவிட்டு அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் அது ஓடுகிற சக்கரங்களான புல்லிகளையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள்: சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, சத்தம் நின்று ஒரு நிமிடத்தில் திரும்பினால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. இதைச் செய்யும்போது துண்டு, வேட்டி நுனி, துப்பட்டா, முந்தானை எதுவும் அந்தப் பக்கம் தொங்கக் கூடாது, கையும் தள்ளியே இருக்கட்டும். பெல்ட்டுக்கு என்று விற்கிற ஸ்பிரேயை அடித்துச் சத்தத்தை அடக்கி அனுப்பினால் அது சில நாளைக்குத்தான்.

சர்வீஸ் முடிந்து வந்த பிறகு காலையில் மட்டும் இரண்டு மூன்று விநாடி எஞ்சின் 'கட கட' என்று அடித்து அடங்கினால் ஆயில் ஃபில்டரைக் கேளுங்கள். நிறுத்தியிருக்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கிற ரப்பர் வால்வு மலிவான ஃபில்டரில் சரியாக மூடாது. ஊற்றிய ஆயிலின் கிரேடு வண்டி கையேட்டில் சொன்னதுதானா என்று பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் 'சர்ர்ர்' என்று தகரம் அதிர்ந்தால் சைலென்சர் மேல் இருக்கிற வெப்பத் தடுப்புத் தகடு, ஒரு இரும்பு ஹோஸ் கிளிப்பில் அடங்கிவிடும். நாலுவழிச் சாலையில் ஏறியதும் அடியில் படபடவென்று அடித்தால் ஆயில் மாற்றக் கழற்றிய பிளாஸ்டிக் கவருக்குக் கிளிப் போடவில்லை. ரிவர்ஸ் போடும்போது 'தொம்' என்றால் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற எஞ்சின் மவுண்ட். ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் மற்றவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்ப ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது

பில், எழுதிய தாள், பழைய பாகம் மூன்றையும் எடுத்துப் போங்கள். வாசலில் நின்று சத்தத்தை வாயால் செய்து காட்டுவதைவிட, "அண்ணே, ஒரு ரவுண்டு வாங்க" என்று கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு, சத்தம் வருகிற அதே பள்ளத்துக்கு, அதே வேகத்தில் போங்கள். முதலில் நீங்கள் ஓட்டுங்கள், பிறகு அவர் ஓட்டட்டும். காலைச் சத்தம் என்றால் முந்தின நாள் ராத்திரியே வண்டியை விட்டுவிட்டு, மறுநாள் முதல் ஸ்டார்ட்டை அவரையே போடச் சொல்லுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி போனால் அவரும் தன் வேலையைக் காப்பாற்றத்தான் பேசுவார். அடுத்த பாகத்தை மாற்றுவோம் என்று சொன்னால் பழையது போய்விட்டது என்பதைக் கையால் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் எதையும் வாங்க வேண்டாம்.

"கொஞ்ச நாள் ஓட்டுங்க, செட் ஆயிரும்" என்பார்கள். புதுப் பிரேக் பேடின் லேசான கீச்சு செட் ஆகும், புது டயரின் சத்தம் பழகிவிடும். 'டொக்', 'டக் டக்', 'ஊஊம்' மூன்றும் ஓட ஓடக் கூடத்தான் செய்யும். அவர் அப்படிச் சொன்னால் எத்தனை கிலோமீட்டருக்குள் என்று கேட்டு, அன்றைய ஓடோமீட்டர் எண்ணோடு சேர்த்து பில்லின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.